தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் இசைத்தட்டுகள்: பழைய டர்ன்டேபிளைச் சரிசெய்து வைத்துக்கொள்வது இன்றைக்குப் பொருளுடையதா?

கேள்வி: கீழவீதி (தஞ்சாவூர்)

என் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் 140 எல்.பி. தட்டுகளும் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் வினைல் தட்டுகள்), முப்பதுக்குக் குறையாத, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளும் உள்ளன. பெரும்பாலானவை கர்நாடக இசையும் நாதஸ்வரமும். எண்பதுகளில் வந்த திரைப்பாடல் தட்டுகள் சிலவும் உண்டு. அவர் அவற்றைக் கேட்டுவந்த பெட்டிப் பிளேயர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. இதை அறிந்த என் சித்தப்பா, தாம் 1970களில் அமெரிக்காவில் வாங்கி, ஊர் திரும்பியபோது உடன் கொண்டுவந்த பெல்ட் வகை டர்ன்டேபிளை, அதாவது மோட்டார் ஒரு பெல்ட்டின் வழியே தட்டைச் சுழற்றும் கருவியை, என்னிடம் கொடுத்தார். அது 120 வோல்ட்டில் இயங்குவது என்பதால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் அவரே வாங்கித் தந்தார்.

தட்டு சுழல்கிறது, ஒலியும் வருகிறது. ஆனால் எல்லாப் பாடல்களும் இழுத்தாற்போல மெதுவாகவும் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கின்றன. முதலில் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிய பெல்ட் வரவழைத்து மாட்டினேன். மாற்றம் ஏதும் இல்லை. வீணை பயிலும் என் மகள், ஒரு பாடகியின் எல்.பி.யை ஓடவிட்டுச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதே கச்சேரிப் பதிவு இணையத்தில் 5 கட்டைச் சுருதியில் ஒலிக்கிறது. எங்கள் வீட்டுத் தட்டில் 3 கட்டையில் ஒலிக்கிறது. ஏதோ கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது பாடுபவரின் குரலையே வேறொருவருடைய குரலாக மாற்றிவிடுகிறது. உள்ளூரில் பார்த்த பழுதுநீக்குநர் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, புதிய மோட்டாருக்குப் பெருந்தொகை கேட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அடிப்படையான ஒரு தயக்கம் எழுகிறது. அதே பதிவு இணையத்தில் சரியான சுருதியில், கீறல் ஒலி இன்றிக் கிடைக்கும்போது, ஐம்பது ஆண்டுப் பழைய கருவியைச் சரிசெய்யப் பணமும் உழைப்பும் செலவிடுவது தகுமா? தட்டுகளைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு கருத்து இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால், ஒப்பாத மனத்துக்குக் காரணம் அப்பாவின் நினைவு மட்டும்தானா, அல்லது இந்தத் தட்டுகளுக்கும் இயந்திரத்துக்கும் இன்றும் உண்மையான பயன் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: கூம்புக்குழாய் (விருதுநகர் மாவட்டம்)

ஐயா, தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். சுருதிச் சிக்கலுக்கு விடை சொல்லும் அளவுக்கு எனக்கு மின்னியல் தெரியாது. வேறொரு முக்கியமான செய்தியை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தை மைக் செட் வைத்திருந்தார். திருமண வீடு, சடங்கு வீடு, அம்மன் கோவில் கொடை என்று சுற்றுப்பட்டுக் கிராமங்கள் அனைத்திலும் எங்கள் செட்தான் கட்டும். மரக்கிளையில் கூம்பு வடிவ ஒலிபெருக்கியைக் கட்டி, பந்தலின் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்ட் பிளேயரையும் வைத்துவிட்டால், விடியற்காலைப் பக்திப் பாடலில் தொடங்கி நள்ளிரவுக் கதை வசனத் தட்டு வரைக்கும் நிற்காமல் ஓடும். தட்டு மாற்றுவதற்காகவே என்னை உடன் அழைத்துச் செல்வார். பாட்டு முடியும் நொடியில் முள்ளைத் தூக்கி அடுத்த தட்டில் வைக்கும் பழக்கம் எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது.

அந்த நாட்களில் தட்டில் கீறல் இருந்து முள் ஒரே இடத்தில் தத்தினால், முள் இருக்கும் தலைப்பகுதியின் மேல் நாலணாக் காசு ஒன்றை வைப்பார்கள். பாரம் கூடியதும் முள் கீறலைத் தாண்டி ஓடும், பாட்டு நிற்காது, பந்தலில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாரம் தட்டின் பள்ளத்தை உழுதுவிட்டது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, நல்ல கருவி ஒன்றில் எங்கள் தட்டுகளைக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். உச்சத்தில் பாடும் இடங்களில் எல்லாம் குரல் பிசிறடித்தது. தூசி என்றால் கழுவலாம். உழுத பள்ளத்தைத் திரும்ப நிரப்ப வழியில்லை. அப்பா உயிராய்ப் போற்றிய தட்டுகளை நாங்களே தேய்த்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆகவே, வேகத்தைச் சரிசெய்யும் முன் முள்ளைச் சரிபாருங்கள். வயது தெரியாத முள்ளை வைத்துத் தந்தையாரின் தட்டுகளை இனி ஒரு முறைகூட ஓட்ட வேண்டாம். வைர முனையே ஆனாலும் ஏறத்தாழ 500 முதல் 1000 மணி நேரம்தான் நன்றாக உழைக்கும். தங்கள் சித்தப்பா எத்தனை மணி நேரம் கேட்டார் என்று யாருக்குத் தெரியும்?

தட்டுகளைக் கொடுத்துவிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் சில செட் உரிமையாளர்கள் பென் டிரைவுக்கு மாறிய பிறகும் பழைய பிளேயரைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். கொடை விழாவுக்கு ‘ரெக்கார்டுதான் வேண்டும்’ என்று கேட்டு அழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் என்னைப் போன்ற முதியவர்கள் அல்லர்.

மறுமொழி: கடைசல் (கோயம்புத்தூர்)

தங்கள் மோட்டார் தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. தங்கள் மகளின் காது சிக்கலை மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டது; அவருக்கு என் வாழ்த்துகள்.

அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாகச் சென்று திரும்புகிறது (60 ஹெர்ட்ஸ்). இந்தியாவில் 50 முறை. 1970களின் பெல்ட் வகை டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருந்தது ஒத்தியங்கு மோட்டார், அதாவது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை முடிவுசெய்வது வோல்ட் அன்று, இந்த அதிர்வெண். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கித் தரும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்கித் தராது. எனவே தங்கள் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக அதில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 27.8 சுற்றே சுழல்கிறது. சுருதியும் அதே விகிதத்தில் இறங்குகிறது. ஆறுக்கு ஐந்து என்பது இசையில் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி. 5 கட்டையிலிருந்து அந்த அளவு இறங்கினால் வந்து நிற்கும் இடம் 3 கட்டை. தாங்கள் எழுதியிருப்பது அப்படியே பொருந்துகிறது. வேறு பழுது எதையும் தேட வேண்டியதில்லை.

இதைச் சரிசெய்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் சிறிய மின்வழங்கி ஒன்றை இடையில் வைக்கலாம். அது நல்ல வழி, செலவு கூடுதல். மோட்டாரையும் அதன் மின்சுற்றையும் நேர்மின் வகைக்கு மாற்றலாம். பழைய கருவியை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது, நான் பரிந்துரைப்பது: மோட்டார் அச்சில் இருக்கும் புல்லியை, அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சிறு சக்கரத்தை, பெரிதாக்குவது. மோட்டார் மெதுவாகச் சுழன்றாலும், அதன் புல்லி அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தால் பெல்ட் சரியான வேகத்தில் ஓடும். அக்காலத் தயாரிப்பாளர்கள் பலரும் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்று தனிப் புல்லி வைத்திருந்தார்கள். தங்களுடையதற்கு அது கிடைக்காவிட்டால், நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கிவிடலாம்.

ஆனால் கடையச் சொல்லும்போது ஒரு கணக்கில் கவனமாக இருங்கள். புல்லியின் விட்டத்தை வெறுமனே 1.2 ஆல் பெருக்கிக் கொடுத்தால் வேகம் சற்றுக் குறைந்தே இருக்கும். பெல்ட்டுக்கும் தடிமன் உண்டு. அதன் நடுப்பகுதிதான் உண்மையில் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, புல்லியின் விட்டம் 10 மி.மீ., பெல்ட்டின் தடிமன் 0.5 மி.மீ. என்று கொள்வோம். இரண்டையும் கூட்டிய 10.5ஐ 1.2 ஆல் பெருக்கினால் 12.6, அதிலிருந்து பெல்ட்டின் 0.5ஐக் கழித்தால் கடைய வேண்டிய விட்டம் 12.1 மி.மீ. கணக்குப் பாராமல் 12 என்று கடைந்தால் வேகம் நூற்றுக்கு 0.8 அளவு குறையும். திரைப்பாடல் கேட்பவர் அதைக் கவனிக்க மாட்டார். தம்புராவை மீட்டிக்கொண்டு உடன் பாடுபவர் கட்டாயம் கவனிப்பார். புல்லியின் நடுப்பகுதி ஓரங்களை விடச் சற்றே உப்பி இருக்கும். பெல்ட் வழுவாமல் நடுவில் நிற்பதற்கு அந்த உப்பல்தான் காரணம். பட்டறைக்காரர் அதைத் தேய்மானம் என்று எண்ணிச் சமன் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு காகித வட்டமே போதும். மையத்திலிருந்து வெளிநோக்கிச் சம இடைவெளியில் 180 கருப்புக் கோடுகள் வரைந்த வட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸில் எரியும் விளக்கின் கீழே சுழலவிடுங்கள். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதால், 33⅓ சுற்றில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். கோடுகள் சுழலும் திசைக்கு எதிராக மெல்ல நகர்ந்தால் வேகம் குறைவு. சுழலும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் கூடுதல். அமெரிக்காவில் அச்சிட்ட வட்டம் என்றால் அதில் 216 கோடுகள் இருக்கும், அது நமக்கு உதவாது. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த மினுக்கம் இல்லை. சோக் போட்ட பழைய டியூப் லைட் வீட்டில் எங்காவது மிஞ்சியிருந்தால் அதன் கீழே பாருங்கள்.

முள்ளைப் பற்றி விருதுநகர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். முள்ளைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பகுதிதான் கார்ட்ரிட்ஜ். பழைய பெட்டிப் பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் நான்கைந்து கிராம் பாரத்தோடு தட்டில் அமர்ந்தது. இன்றைய காந்த வகைக் கார்ட்ரிட்ஜுகளுக்கு இரண்டு கிராம் அளவே போதும். குறைந்த விலையில் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி அளந்து வையுங்கள். பாரத்தை மிகக் குறைப்பதும் தவறு. முள் பள்ளத்தின் சுவரில் படியாமல் துள்ளித் துள்ளி மோதுவதும் சேதமே. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், ஆம்ப்ளிஃபயரில் ‘போனோ’ என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு போனோ பிரீஆம்ப் வேண்டும். தட்டு வெட்டும்போது கீழ்ச் சுரங்களைக் குறைத்தும் மேல் சுரங்களை உயர்த்தியும் பதிக்கிறார்கள். 1950களின் நடுவில் இதற்கென ஒரு பொது அளவு உலகெங்கும் நிலைபெற்றது. அதைத் தலைகீழாக்கி இயல்பு ஒலியை மீட்டுத் தருவதும் இந்தக் கருவியின் வேலைதான்.

கேட்டவர்: கீழவீதி (தஞ்சாவூர்)

இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. பழுதுநீக்குநர் சொன்னதை நம்பி மோட்டாருக்குப் பணம் கட்ட இருந்தேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். இந்த டர்ன்டேபிளில் 33, 45 ஆகிய இரண்டு வேகங்களே உள்ளன. 78 சுற்றுத் தட்டுகளை என்ன செய்வது? அவற்றுள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டுகள் சில இருக்கின்றன. அப்பா அவற்றை எங்களைத் தொடவே விட்டதில்லை. மற்றொன்று, இத்தனையும் செய்து முடித்த பிறகு, பத்து ஆண்டு கழித்து முள்ளும் பெல்ட்டும் கிடைக்காமல் போனால் என்ன செய்வேன்?

மறுமொழி: பனிக்கால் (ஸ்கார்பரோ, கனடா)

உதிரிப் பொருள்களைப் பற்றிய தங்கள் அச்சம் இயல்பானதே. ஆனால் நடந்தவற்றைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கைதான் மிகுகிறது.

ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.-1200 என்ற டர்ன்டேபிள் 1972இல் வந்தது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே சுழல்தட்டை நேராகச் சுழற்றும் அமைப்பு அது. வீட்டில் இசை கேட்பவர்களுக்கென்று செய்யப்பட்ட அந்தக் கருவியை நியூயார்க்கின் டி.ஜே.க்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கையால் தட்டை நிறுத்தி, பின்னோக்கி இழுத்து, விட்ட நொடியில் மீண்டும் முழு வேகத்தை எட்டும் வலிமை அதற்கு இருந்தது. பெல்ட் வகையால் அது இயலாது. ஹிப்-ஹாப் இசை வளர்ந்ததில் இந்த இயந்திரத்துக்கு ஒரு பங்கு உண்டு. 35 இலட்சத்துக்கும் மேல் விற்ற பிறகு, 2010இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. அன்று பலரும் டர்ன்டேபிளின் காலம் முடிந்தது என்றே எழுதினார்கள். 2016இல் அதே நிறுவனம் புதிய மோட்டாரை வடிவமைத்து அதே பெயரில் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

முள்ளின் கதையும் இதைப் போன்றதே. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பைக் கைவிட்டது. ஆனால் ஜப்பானின் ஜைகோ நிறுவனம் ஷூரின் பழைய கார்ட்ரிட்ஜுகளுக்கு மாற்று முள் செய்கிறது. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யுடன் சேர்ந்து 1960களில் டெனான் உருவாக்கிய டி.எல்.-103 என்ற கார்ட்ரிட்ஜ் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. தங்கள் கருவியில் பொதுவான அரை அங்குல இடைவெளியில் இரு திருகுகளால் பொருத்தும் வகைத் தலை இருந்தால், கார்ட்ரிட்ஜையே புதிதாக மாற்றிவிடலாம். அந்த அளவு அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறவில்லை. இப்படி ஓர் இணைப்பு மாறாமல் நிற்பதை என் மகனிடம் சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை. அவன் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹெட்போனின் முனை இன்றைய கைபேசியில் நுழைவதில்லை.

தேவை இருக்கும் வரை செய்பவர்களும் இருப்பார்கள். அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி, 2022இல் அந்நாட்டில் விற்ற வினைல் தட்டுகள் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம். குறுந்தகடுகள் 3 கோடியே 30 இலட்சம். எண்ணிக்கையில் குறுந்தகட்டைத் தட்டு முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை.

ஆயினும் இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒலியை முதலில் பள்ளமாக வெட்டுவதற்கு நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய அலுமினியத் தட்டு வேண்டும். அதைச் செய்யும் ஆலைகள் உலகில் இரண்டே இருந்தன; ஒன்று கலிபோர்னியாவின் பேனிங் நகரில், மற்றொன்று ஜப்பானில். 2020 பிப்ரவரி 6 அன்று பேனிங் ஆலை தீக்கிரையானது. செம்புத் தகட்டில் நேரடியாக வெட்டும் முறை ஒன்று 1980களிலேயே உருவாகியிருந்ததால், புதிய தட்டுகள் வருவது அடியோடு நின்றுவிடவில்லை. ஒரே நாளில் பாதி உலகின் மூலப்பொருள் எரிந்துபோனதை நினைத்தால், புதிய தட்டுகளை விடத் தங்களைப் போன்றோர் வீட்டில் இருக்கும் பழைய தட்டுகளின் மேல்தான் எனக்கு அக்கறை கூடுகிறது.

மறுமொழி: சமநிலை (சென்னை)

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்டின் ஒலி டிஜிட்டல் ஒலியை விட மேலானது என்ற எண்ணத்தில் தாங்கள் இதைச் செய்வதாக இருந்தால், அந்த எண்ணம் சரியன்று. குறுந்தகட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடமுண்டு. தட்டில் 70ஐத் தொடுவதே அரிது.

அதை விடக் கர்நாடக இசைக்குப் பெரிய குறை வேறொன்று. தட்டின் சுற்று வேகம் மாறாது; ஆனால் வெளிவிளிம்பில் முள்ளின் அடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, மையத்தை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் அங்கே தெளிவு குறைகிறது. கச்சேரி எப்படி அமைகிறது? ஆலாபனை விரிந்து, கிருதி வளர்ந்து, கற்பனாசுவரம் சூடேறி, கடைசியில்தான் உச்சத்துக்கு வருகிறது. ஆக, பாடகரும் வயலினும் மிருதங்கமும் ஒருசேரப் பாய்ந்துவரும் அந்த இடம், தட்டின் மிக நலிந்த பகுதியில் போய் அமர்ந்துகொள்கிறது. பக்கத்துக்கு 25 நிமிடம் நிறைத்த தட்டுகளில் இது நன்றாகவே தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நானே வீட்டில் ஒரு டர்ன்டேபிள் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்கிறேன். காரணம் ஊடகத்தின் மேன்மை அன்று. அதில் இருக்கும் பிரதி. பழைய பதிவுகள் சிலவற்றின் மறுவெளியீட்டில், இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளை அளவு மீறிப் பயன்படுத்தியிருப்பதைக் கேட்டிருக்கிறேன். தம்புராவின் மேல் ஒலிகள் இரைச்சலோடு இரைச்சலாகத் துடைக்கப்பட்டு, பாடகர் வெற்றிடத்தில் பாடுவதுபோல் ஒலிக்கிறது. வேறு சிலவற்றில் பக்க மாற்றத்தைச் சரிக்கட்டுவதற்காக ஆலாபனையை நறுக்கியிருக்கிறார்கள். அதே பதிவின் நல்ல தட்டு ஒன்று கையில் இருந்தால், முதலில் வெளிவந்தபோது அது எப்படி ஒலித்தது என்பதற்கு அதுவே சான்று. இணையத்தில் இருப்பதும் தங்களிடம் இருப்பதும் ஒரே கச்சேரியாக இருக்கலாம். ஒரே பிரதி என்று கேட்டுப் பார்க்காமல் முடிவுசெய்ய வேண்டாம்.

மறுமொழி: அகவரிசை (சென்னை)

நான் ஆவணக் காப்பில் பணிபுரிகிறேன். 78 சுற்றுத் தட்டுகளைப் பற்றி யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. உண்மையில் தங்கள் தொகுப்பில் மிக உடனடியாகக் கவனிக்க வேண்டியவை அவைதாம்.

முதலாவது, அவற்றை எல்.பி. முள்ளால் ஓட்டக் கூடாது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் பல மடங்கு அகலமானது. அதற்கான முள்முனை, எல்.பி. முள்முனையைப் போல மூன்று நான்கு மடங்கு பருத்திருக்கும். மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு ஓடுமே தவிர, சுவரில் பதிந்த இசையைத் தொடாது. பழைய சாவி கொடுக்கும் கிராமபோனில் எஃகு ஊசியால் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதன் பாரம் நூறு கிராமைத் தாண்டும்.

இரண்டாவது, கழுவும் முறை. எல்.பி. என்பது வினைல்; 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கைப் பிணைப்பாகக் கொண்டவை. நம் நாட்டு மரங்களில் பூச்சிகள் உண்டாக்கும் அதே அரக்குதான். அது சாராயத்தில் கரையும். வினைல் தட்டுக்கென்று கடையில் விற்கும் கழுவும் திரவங்கள் சிலவற்றில் ஆல்கஹால் கலந்திருக்கும். அதை ராஜரத்தினம் பிள்ளையின் தட்டில் ஒரு முறை தடவினால் போதும், மேற்பரப்பு அழிந்துவிடும். வடித்த நீரில் ஓரிரு துளி மிதமான சோப்புக் கரைசலைக் கலந்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, உடனே உலரவிடுங்கள். நடுவில் இருக்கும் காகிதச் சீட்டு நனைய வேண்டாம். தஞ்சையின் மழைக்கால ஈரத்தில் உறையில் பூஞ்சை பிடித்திருந்தால் பழைய உறையைத் தனியே எடுத்து வைத்து, தட்டைப் புதிய காகித உறையில் இடுங்கள். உறையைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லாத் தட்டுகளையும் நிமிர்த்தி வையுங்கள்; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வினைல் வளையும், அரக்குத் தட்டில் விரிசல் விழும்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதுங்கள். சீட்டில் அச்சிட்டிருக்கும் பெயர்களும் எண்ணும் போதாது. பாட்டு முடிந்த பிறகு சீட்டுக்கு முன் இருக்கும் வழுவழுப்பான வளையத்தில் சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். சாய்வாக வெளிச்சம் படும்படி பிடித்தால் தெரியும். எந்த அச்சிலிருந்து வார்த்த தட்டு என்பதை அந்த எண்தான் சொல்லும். ஒரே பாட்டை ஒருவர் இருமுறை பாடிப் பதிந்திருந்தால் இரண்டையும் பிரித்தறிய இதை விட்டால் வேறு வழி இல்லை.

டிஜிட்டல் பிரதி எடுக்கும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் எடுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்த அளவாக 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸைச் சொன்னாலும், சேமிப்பு மலிவாகிவிட்ட இந்நாளில் குறைக்க வேண்டிய தேவை இல்லை. கீறல் ஒலியை நீக்காத முதற்பிரதியை அப்படியே பாதுகாத்துவிட்டு, நீக்கியதைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 78 சுற்றுத் தட்டுகளுக்கு அந்த வேகமும் அதற்கான முள்ளும் உள்ள கருவி தேவை. தாங்களே வாங்க விருப்பமில்லையெனில், சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் நூல்களோடும் இதழ்களோடும் கிராமபோன் தட்டுகளையும் அவர்கள் சேகரித்துக் காக்கிறார்கள். கேட்கும் முன் பட்டியல் கையில் இருந்தால் பேச்சு எளிதாக முடியும்.

பழைய பொருள் வாங்குபவரிடம் மட்டும், தயவுசெய்து, கொடுத்துவிடாதீர்கள். எடைக்குப் போடப்பட்ட தொகுப்புகளைப் பற்றிய செய்தி, போட்டு முடித்த பிறகே எங்களை எட்டுகிறது.

கேட்டவர்: கீழவீதி (தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள்.

முதலில் புதிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பொருத்தி, தராசில் வைத்து இரண்டு கிராமுக்குச் சரிசெய்தேன். பழைய முள்ளை என் மகளின் பள்ளி உருப்பெருக்கியில் பார்த்தபோது அதன் முனை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. விருதுநகர் ஐயா எச்சரிக்காமல் இருந்திருந்தால் அதையே தொடர்ந்து ஓட்டியிருப்பேன்.

புல்லியை இங்கேயே ஒரு பட்டறையில் கடையக் கொடுத்தேன். கோவை நண்பர் சொன்ன கணக்கை எழுதியே கொடுத்திருந்தும், முதல் முறை முழு எண்ணுக்குச் சுருக்கிக் கடைந்துவிட்டார்கள். 180 கோடுகள் கொண்ட வட்டத்தை மாடிப்படியின் பழைய டியூப் லைட்டின் கீழே வைத்துப் பார்த்தபோது, கோடுகள் சுழலும் திசைக்கு எதிராக மெல்ல ஊர்ந்தன. அதற்கு முன்பே மகள், தம்புராச் செயலியோடு சேர்த்துக் கேட்டு, ‘இன்னும் ஒரு மயிரிழை கீழே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது முறை கடைந்த புல்லியில் கோடுகள் நின்றன. அந்தப் பாடகியின் எல்.பி.யை மீண்டும் போட்டோம். குரல் 5 கட்டையில் வந்து சேர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றிய சென்னை நண்பர் சொன்னபடி இணையப் பிரதியோடு வைத்துக் கேட்டதில், தோடி ஆலாபனையின் நடுவே இணையப் பிரதியில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இல்லை என்பது தெரிந்தது.

பட்டியல் எழுதும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டார். தட்டைச் சாய்த்துப் பிடித்து எண்களை நான் படிக்க அவர் எழுதுகிறார். 61 தட்டுகள் முடிந்துள்ளன. நாதஸ்வரத் தட்டு ஒன்றின் உறையின் உட்பக்கத்தில், அப்பாவின் கையெழுத்தில், வாங்கிய நாளும் கொடுத்த விலையும் பென்சிலால் எழுதியிருக்கின்றன. அந்த உறையைப் பூஞ்சை நீக்கிப் பாதுகாக்கும் முறையை அறிந்தவர்கள் யாரேனும் சொன்னால், துடைக்கத் தொடங்கும் முன் காத்திருக்கிறேன்.